மூன்று நிமிஷ ஓய்வு

பெட்டி மறுபடியும் ஒரு தடவை உறுமி அடங்கியது. கூடத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எண்ணெய் காணாத மின்விசிறியின் கடகடப்போடு சேர்ந்து போயிருக்கும். குற்றாலிங்கத்துக்கு மட்டும் கேட்டது. கம்ப்ரசர் ஓடப் பார்க்கிறது, ஓட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு ஓடுகிறது. அந்த 'டிக்' அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் அவர் மனைவி ஆவுடையம்மாள் கிடந்தாள், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் சம்பங்கி மாலை. முந்தாநாள் மத்தியானம் சோறு வேண்டாம் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பெட்டி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அக்கினி நட்சத்திர வெயிலில் அத்தனை நேரமும் வெறும் கட்டிலில் கிடந்த உடம்பு அது, இனிமேல் கொஞ்ச நேரம்கூடக் குளிர் விடக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், குற்றாலிங்கத்துக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கனடாவிலிருந்து ஒரே மகள் செண்பகா வந்துகொண்டிருக்கிறாள். சென்னையில் இறங்கிவிட்டாள், அங்கிருந்து தூத்துக்குடிக்கு விமானம், அப்புறம் கார், சாயங்காலம் பாளையங்கோட்டை. போனில் அவள் அழவில்லை, ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "அம்மா மொகத்த நான் பாக்கணும்ப்பா. அம்மா மொகம் அம்மா மொகமாவே இருக்கணும். அத மட்டும் பாத்துக்கிடுங்க." அவர், "அத நான் பாத்துக்கிடுதேன். என் தொழிலே அதுதானம்மா" என்றார். சொன்ன பிறகு, அந்தக் காலத்தில் வேலை பார்த்த கம்பெனியின் ஏற்றுமதி இறாலுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டோமோ என்று இருந்தது. ஆனால் சொன்னது பொய்யில்லை. கெடவிடாமல் வைப்பதுதான் அவர் தொழில்.

ஐஸ் பெட்டியாம். வந்தவன் போனவனெல்லாம் ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி என்கிறான். உள்ளே ஒரு துண்டு ஐஸ் கிடையாது. செப்புக் குழாயில் வாயு ஓடுகிறது, அழுத்தம் ஏறி இறங்குகிறது, உள்ளே இருக்கிற வெப்பத்தைப் பிடுங்கி வெளியே தள்ளுகிறது, அவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது, இவன்களுக்கு அது ஐஸ் பெட்டி. முந்தாநாள் அதைக் கொண்டுவந்து இறக்கிய மாரிசெல்வத்துக்கு முப்பது வயதிருக்கும். பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே சரக்கு ஆட்டோவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தான். பிளக்கைச் சொருகினான், சுவிட்சைத் தட்டினான், போனைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு நடந்தான். பின்பக்கம் தூசி அடைத்துக் கிடக்கிறதே, சுவரோடு ஒட்டி வைக்கிறாயே, சூட்டுக் காற்று எப்படி வெளியே போகும் என்று குற்றாலிங்கம் கேட்டபோது அவன் மரியாதையாகத்தான் சிரித்தான். "தாத்தா ஏசி மெக்கானிக்கா இருந்தியளோ?" என்றான். பெண்டாட்டியின் பிணம் பக்கத்து அறையில் கிடக்கும்போது குற்றாலிங்கத்துக்கு அன்று முதன்முதலாகக் கண்ணில் நீர் வந்தது அந்த வார்த்தைக்குத்தான். பக்கத்தில் நின்ற அக்காள் மகன் பிரமநாயகம், உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "மாமா அந்தக் காலத்துல தூத்துக்குடியில ஐஸ் கம்பெனியில இருந்தாவ" என்று எடுத்துக்கொடுத்தான். "அப்படியா" என்றான் மாரிசெல்வம். "ஒண்ணையும் தொட வேண்டாம் தாத்தா. கரண்ட் கூடக் கொறைய வந்தா ஸ்டெபிலைசர் பாத்துக்கிடும். அதுவே நிப்பாட்டும், அதுவே ஓய்வு குடுக்கும், அதுவே போடும். நீங்க நிம்மதியா இருங்க." நிம்மதியா இருங்க. அவர் வாழ்நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலையை ஒரு டப்பா பார்த்துக்கொள்ளுமாம், அவர் நிம்மதியாக இருக்க வேண்டுமாம். செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். சாவு வீடு என்பதால் தப்பித்தான்.

வெயில் உச்சியில் நின்றது. பிரமநாயகம் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை முடித்துவிட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்த சொந்தக்காரர்கள் மாடியிலும் பக்கத்து வீட்டிலும் சுருண்டுவிட்டார்கள். கூடத்தில் அவரும் ஆவுடையின் தங்கை சிவகாமியும்தான். சிவகாமி தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து, கையில் ஒரு பழைய துண்டோடு இருந்தாள். கண்ணாடியின் மேல் வேர்த்து வேர்த்து முகம் மறைந்தது, அவள் எட்டி எட்டித் துடைத்தாள், ஒரு துடைப்புக்கு ஆவுடை வருவாள், மறுபடி போய்விடுவாள். தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடுகிற நேரம், வோல்டேஜ் தரையோடு கிடக்கும். பெட்டி உறுமியது. டிக். இப்படியே விட்டால் மோட்டார் கருகிப்போகும், கருகினால் அந்தப் பயல் இன்னொரு பெட்டியைத் தேடிக் கொண்டுவர இருட்டிவிடும், செண்பகா வந்து நிற்பாள். அவர் எழுந்தார். திணறுகிற கம்ப்ரசரை நிறுத்தி, மூன்று நிமிஷம் ஓய்வு கொடுத்து, அழுத்தம் இரண்டு பக்கமும் சமமான பிறகுதான் போட வேண்டும், அவருக்கு அது வேதம். டப்பாவுக்கு என்ன வேதம் தெரியும். சுவிட்சை அணைத்தார். சிவகாமி கண்ணைத் திறந்தாள். "என்ன அத்தான், சத்தத்தக் காணும்?" "மூணு நிமிஷம் ஓய்வு குடுத்திருக்கேன். இல்லன்னா வீணாப் போயிரும்" என்றார். "அத்தானுக்குத் தெரியாததா" என்று அவள் மறுபடி சுவரில் சாய்ந்தாள். அந்த வீட்டில் அவர் தொழிலுக்குக் கிடைத்த கடைசி மரியாதை அது.

மூன்று நிமிஷத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவர் வேலை பார்த்த, இறாலை உறையவைத்து ஏற்றுமதி செய்கிற தூத்துக்குடி கம்பெனியில் எந்திர அறைக்குள் கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் கூடாது, பெல்ட் இழுத்தால் கையோடு போகும். எந்திரம் நின்றால் கிழக்கு வாசல் வழியாக வெளியே போ, தண்ணீர்க் கோபுரத்தைச் சுற்று, இறால் உரிக்கிற கொட்டகைக்குள் நட, வெளிக்கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வா, வந்து சுவிட்சைப் போட்டால் சரியாக மூன்று நிமிஷம் என்று எந்திரத்தை நிறுவ டென்மார்க்கிலிருந்து வந்த வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆட்கள் அதற்குப் பிரதட்சணம் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் யாராவது நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால் பிரதட்சணம் கெட்டது, விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி கிழக்கு வாசலிலிருந்துதான். மற்றவன்கள் கோபுரத்தோடு திரும்பி வந்து சுவிட்சைத் தட்டிவிடுவான்கள். குற்றாலிங்கம் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. கம்பெனியை விட்டு வந்த பிறகும் தேயிலை ஊறுவதற்குக்கூட மனசுக்குள் அந்த நடைதான் நடப்பார், ஆவுடை வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பி வருவதற்காக நிற்பாள். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கிழக்கு வாசல், பச்சை வர்ணமடித்த இரும்புக் கதவு, திறந்ததும் முன்னால் உப்புக் காற்று, முதுகில் அம்மோனியா நெடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் மூச்சு விட முடியாது, பிறகு கோபுரம், மேலேயிருந்து தண்ணீர் சொரிந்துகொண்டே இருக்கும், அடியில் நின்றால் சட்டை நனையும், அந்த நிழலில்தான் பாளத்தை வைத்திருந்தார், தன் கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற ஐஸ் பாளத்தை. எழுபத்து மூன்றாம் வருஷம். அரை ஆள் உயரம், கண்ணாடி தோற்றுப்போகும், நடுவில் ஒரு ரோஜாச் செண்டு, ஒரு இதழ் கசங்கவில்லை. உமி போட்டு மூடி லாரியில் ஏற்றித் திருநெல்வேலி மண்டபத்தில் இறக்கியபோது மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட அதைப் பார்க்க வந்த கூட்டம் பெரிதாகிவிட்டது. கலெக்டர் கையை வைத்துப் பார்த்து, குழந்தை மாதிரிச் சிரித்து, கையை எடுத்து பக்கத்தில் நின்றவன் ஒருத்தனின் கன்னத்தில் வைத்தார். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன் இறால் கம்பெனிக்கா போகிறான் என்று முகத்தைச் சுளித்தவர்கள் எல்லாரும், குளிர் இன்ஜினியர், குளிர் இன்ஜினியர் என்று அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். சித்திரை மாதத்தில் பனிக்கட்டி. வெயிலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத் தெரிந்த ஆள். ராஜா மாதிரி நின்றார். அப்போது மணப்பெண் கோலத்தில் இருந்த ஆவுடை, யாரும் சொல்லாமல் வந்து, மருதாணி வைத்த உள்ளங்கையைப் பாளத்தின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை. "போதும், எடு. மரத்துப் போகும்" என்றார். எடுக்கவில்லை. "நல்லா இருக்கு" என்றாள். அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். வெயில் ஆகாத உடம்பு, அதை அன்றைக்கே காட்டிவிட்டாள், அவர்தான் தன் பாளத்தைப் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். வேர்க்குரு, மயக்கம், ஐப்பசியில்கூட முதுகு நனைந்து, எங்கே விட்டோம், கோபுரம், கோபுரத்தைச் சுற்றி முடித்தோமா இல்லையா, தெரியவில்லை, கெட்டது. மறுபடி கிழக்கு வாசல். சிவகாமியின் கையிலிருந்த துண்டு நழுவி மடியில் விழுந்திருந்தது, அவள் லேசாகக் குறட்டை விட்டாள்.

கிழக்கு வாசல், உப்புக் காற்று, கோபுரம், இந்த முறை எங்கேயும் நிற்காமல் சுற்றினார், நல்லது, இனி கொட்டகை. நீளமான கொட்டகை, சிமெண்டு மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விட்டு இறாலை உரிப்பார்கள், விரல் நுனி வெளுத்து வெடித்திருக்கும். கையுறை வாங்கிக் கொடுங்கள் சார் என்று ஒருத்தி கேட்டாள், மரியபுஷ்பம் என்று பெயர், குளிர் யாரையும் கெடுக்காது, சூடுதான் கெடுக்கும் என்று பதில் சொன்னார், பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரித்தார். நல்ல பதில் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஆவுடையிடமும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடினார்கள், தியேட்டருக்குக் குளிர் போட்டார், தியேட்டரும் கல்யாண மண்டபமாகிவிட்டது, அதற்குள் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்து அதற்குள் வெண்டைக்காயும் நேற்று வைத்த குழம்பும் ஏறிவிட்டன. எது எப்போது நடந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டி, "மாமா, ஃப்ரிட்ஜ்ல கூலிங் இல்ல, கொஞ்சம் பாக்கியளா" என்றாள், அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். ஐடிஐ முடித்த பையன்கள் பைக்கில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். ஊரில் முதல் பஸ்ஸை ஓட்டி வந்தவனுக்கு மாலை போட்டு மேளம் அடித்தார்களாம், இப்போது டிரைவர், சில்லறை இல்லை என்றால் திட்டு வாங்குகிற டிரைவர். முதல் ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவனை மந்திரவாதி என்றார்கள், அவன் பேரன் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறான். எல்லாருக்கும் இதே கதிதான் என்று நினைத்தால் ஆறுதலாக இருக்க வேண்டும், அவருக்கு இருக்கவில்லை, மற்றவன் கதி மற்றவனுக்கு. ஒன்றே ஒன்றில்தான் ஆறுதல் கிடைத்தது. செண்பகா கம்ப்யூட்டர் இன்ஜினியர், அவளை அனுப்பும்போது விமான நிலையத்துக்குத் தெருவே வந்தது, இப்போது தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அதே வேலை, போன மாசம் போனில், "நாங்க எழுதுறத எல்லாம் மெஷினே எழுதுதுப்பா, எத்தனை நாளைக்கு எங்கள வச்சிருப்பாங்கன்னு தெரியல" என்றாள். அடடா என்று சொன்னார், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பெற்ற மகள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அத்தான்" என்றாள் சிவகாமி, அரைத் தூக்கத்தில் எழுந்து கண்ணாடியைத் துடைக்கப் போனவள், துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "வேர்வை நின்னு போச்சே. இப்பதான் அக்கா மொகம் பளிச்சுன்னு தெரியுது." குற்றாலிங்கம் எட்டிப் பார்த்தார். ஆமாம், கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது, ஆவுடை தெளிவாக, நெருக்கமாக, மூக்குத்தி மின்ன, கூப்பிட்டால் திரும்புகிற மாதிரிக் கிடந்தாள். நாம் கை வைத்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்தார். "நான்தான் சொன்னேம்லா" என்றார். "செண்பா பாத்தா அவளுக்கு மனசு ஆறும்" என்று சிவகாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இனித் துடைக்க வேலை இல்லை என்று துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டாள். பேச்சுக் கொடுத்துவிட்டாள். பிரதட்சணம் கெட்டது. எரிச்சலோடு, ஆனால் ஏமாற்றாமல், அவர் மறுபடி கிழக்கு வாசலுக்குப் போனார்.

கோபுரம். கொட்டகை. மரியபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள், அவர் பார்க்காமல் நடந்தார். வெளிக்கேட்டு. கேட்டைத் தொட வேண்டும், வாட்ச்மேன் சல்யூட் வைப்பான், கேட்டுக்கு வெளியே ஒரு சரக்கு ஆட்டோ நிற்கிறது, கம்பெனிக் கேட்டு இல்லை, இது அவர் வீட்டுக் கேட்டு, பங்குனி மாசம், ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் பெரிய அட்டைப்பெட்டிகளை இறக்குகிறார்கள். செண்பகா கனடாவில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே வாங்கி அனுப்பிய ஏசி. டாக்டர் சொல்லியிருந்தார், அம்மாவுக்கு இதயம் பலவீனம், வெக்கை ஆகாது, அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். வந்தவன்கள் ஆவுடையின் கட்டிலுக்கு எதிரே சுவரைத் தட்டிப் பார்த்தான்கள். குற்றாலிங்கம் அவர்கள் பையைப் பார்த்தார். வாக்குவம் பம்ப் எங்கே என்று கேட்டார். வாயு விடுவதற்கு முன்னால் குழாயில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும், ஈரம் தங்கினால் குழாய்க்குள் உறைந்து அடைக்கும், அது தொழிலின் அரிச்சுவடி. "எதுக்கு சார்? கொஞ்சம் கேஸத் தொறந்து விட்டா காத்து தானாப் போயிரும். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்றான் ஒருத்தன். எல்லா வீட்டிலும். "வாக்குவம் எடுக்காம என் வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விட மாட்டேன்" என்றார். அவன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தான்கள், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்றான்கள், பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்கள். பம்ப் வைத்திருக்கிற ஆளைத் தேடிப் பிடித்திருக்கலாம். தேடுவது என்றால் ஏசி மெக்கானிக் கடையில் போய் நின்று கேட்க வேண்டும், அவர் போய் நிற்பாரா. ஆவுடை படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். நெஞ்சில் போட்டிருந்த ஈரத் துண்டை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ராத்திரி செண்பகா கூப்பிட்டாள். "ஏசி மாட்டியாச்சாப்பா?" மாட்டியாச்சு என்று அவர் வாயிலிருந்து வந்தது. "அம்மாட்ட குடுங்க. குளிருதாம்மா?" ஆவுடை அவரைப் பார்த்தாள். கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. "குளுகுளுன்னு இருக்குட்டி" என்றாள். "போர்வை கேக்கு." அதற்கப்புறம் தினமும் அந்தக் கேள்வி, தினமும் அந்தப் பதில். பிரிக்காத ஏசிப் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதன் மேல் மருந்து, தண்ணீர்ச் செம்பு, விசிறி எல்லாம் வைத்துக்கொண்டாள், சௌகரியமாகத்தான் இருக்கிறது என்றாள். அவர் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். தப்பு என் மேல்தான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வெக்கை தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, "ஒங்களுக்குத் தெரிஞ்ச குளிர்ல கொஞ்சம் எனக்கும் குடுத்திருக்கலாம்லா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் பத்திரிகையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். செண்பகா வருகிறாள். அந்த அறையின் கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறோம், சாத்தித்தானே வைத்திருக்கிறோம், சாவி, சாவி எதற்கு, தாய் முகத்தைப் பார்க்க வருகிறவள் சுவரையா பார்க்கப் போகிறாள். கேட்டைத் தொட்டோமா? தொடவில்லை. ஆட்டோ நின்றது. கெட்டது. கிழக்கு வாசல்.

கிழக்கு வாசல், பச்சைக் கதவு, கோபுரம், தண்ணீர் சொரிகிறது, கால் நனைகிறது. நிஜமாகவே நனைகிறது. குற்றாலிங்கம் கண்ணைத் திறந்து பார்த்தார். வலது கால் பெருவிரலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. சிவகாமி செம்பைத் தட்டிவிட்டாளா என்று தேடினார், செம்பு நிமிர்ந்தபடி தூரத்தில் இருந்தது. தண்ணீர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கோடாக வந்துகொண்டிருந்தது. பனி உருகினால் வருகிற தண்ணீர். குளிர்க் குழாயில் படிந்த பனி உருகினால் மட்டும் வருகிற தண்ணீர். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து அவர் மேல் விழுந்தது. கண்ணாடி ஏன் வேர்க்கவில்லை. குளிர்ந்திருந்தால்தானே வேர்க்கும். அந்தப் பளிச்சென்ற முகத்தைப் பார்த்து, நான்தான் சொன்னேன் என்றாரே. வாசல் பக்கம் பார்த்தார். சுவிட்சை அணைத்தபோது வெயில் முற்றத்தோடு நின்றிருந்தது, இப்போது மஞ்சளாகி நிலைப்படியைத் தாண்டி, கூடத்தின் பாதிவரை வந்து பெட்டியின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எழுந்தார், கால் மரத்திருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டார். கம்ப்ரசர் ஒரு உறுமல் இல்லாமல், ஒரு டிக் இல்லாமல், வெண்ணெய் மாதிரி ஓடத் தொடங்கியது. ஓய்வு என்றால் இதல்லவா ஓய்வு. எப்படி ஓடுகிறது பார் என்று அந்த நிலைமையிலும் அவர் மனசு ஒரு கணம் பூரித்தது, அந்த மனசை என்ன செய்வது. வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

செண்பகா உள்ளே வந்தாள், பின்னாலேயே பிரமநாயகமும் மாடியிலிருந்து இறங்கிய சொந்தக்காரர்களும். சிவகாமி பதறி எழுந்து கட்டிக்கொள்ளப் போனாள், செண்பகா அவளை விலக்கிவிட்டு நேரே பெட்டிக்குப் போய்க் குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூடியத் தொறங்க" என்றாள். பிரமநாயகம் தயங்கினான். "தொறங்க அத்தான்" என்றாள் மறுபடி. மூடியை நகர்த்தினார்கள். ஊதுபத்தியையும் சம்பங்கியையும் தாண்டி அந்த வாடை வந்தது, முன்னால் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், செண்பகா பார்ப்பாளே என்று கையை இறக்கிக்கொண்டார்கள். மூக்கில் வைத்த பஞ்சு ஊறிச் சிவந்திருந்தது. உதடு கறுத்து ஒரு பக்கமாக உப்பியிருந்தது. கண்ணாடி வழியாக அத்தனை தெளிவாகத் தெரிந்த முகம், கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது ஆவுடையின் முகமாக இல்லை. செண்பகா கன்னத்தில் கை வைத்தாள். "சித்தி, என்ன இது, குளிரவே இல்ல" என்றாள். சிவகாமி குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். "அத்தான் ஓய்வு குடுக்கணும்னு சொன்னாவ. மூணு நிமிஷம்னு சொன்னாவளேட்டி" என்றாள்.

செண்பகா அப்போதும் அழவில்லை. ஏதாவது செய்தால் இன்னும் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஆள், அதில் அப்பாவை உரித்து வைத்திருந்தாள். துப்பட்டாவால் அம்மாவின் மூக்கைத் துடைத்தாள். "இந்தப் பெட்டி வேண்டாம். அம்மாவத் தூக்குங்க. ஏசி ரூமுக்குக் கொண்டு போயிருவோம். எடுக்கற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். பிரமநாயகத்தான், நீங்க முதல்ல போயி ஏசியப் பதினாறுல வச்சுக் கதவ அடைங்க."

"ஏசியா?" என்றான் பிரமநாயகம். "எந்த ஏசி செண்பா?"

அவன் சொன்னது அவள் காதில் விழவில்லை, அவளே முன்னால் போய் அந்த அறைக் கதவைத் தள்ளினாள். அடைபட்டுக் கிடந்த வெக்கை வெளியே வந்தது. கட்டில். கொடியில் காய்ந்து விறைத்த ஒரு துண்டு. கட்டிலுக்கு எதிரே வெள்ளையடித்த வெறும் சுவர். கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி, டேப்புக்கூடப் பிரிக்காமல், அதன் மேல் மாத்திரைப் பட்டை, தண்ணீர்ச் செம்பு, பனையோலை விசிறி. பெட்டியின் பக்கவாட்டில் கனடாவிலிருந்து அவள் கொடுத்த விலாசம், அம்மாவின் பெயரோடு, பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. செண்பகா விசிறியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திரும்பினாள்.

"ஏசி எங்கப்பா?"

கூடம் முழுக்கக் குற்றாலிங்கத்தைப் பார்த்தது. அத்தனை பேர் ஒன்றாக அவரைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பெட்டி அவருக்குப் பின்னால் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது, திறந்து கிடந்த மூடி வழியாக அதன் குளிர் எல்லாம் வீணாக வெளியே போய்க்கொண்டிருந்தது, மூடச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு வாய் துறுதுறுத்தது. மகள் பதிலுக்காக நின்றாள்.

"வாக்குவம் எடுக்க மாட்டேன்னுட்டானுவம்மா" என்றார்.